கிண்ணத்தக்காவின் கைகள்

கிண்ணத்தக்கா என்றால் அந்தப் பேட்டையில் தெரியாதவர் கிடையாது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது, பாவம், யாரும் கூப்பிடுவதில்லை. நாற்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிற வயது. எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் பராமரிப்பு வேலை. குழாய் ஒழுகினால் அவள், லிஃப்ட் நடுவழியில் நின்றால் அவள், மாடிப்படி விளக்கு கண்சிமிட்டினாலும் அவள். இடுப்பில் சாவிக்கொத்தும் பையில் ஸ்பேனருமாக நாளெல்லாம் ஏறி இறங்குகிறவளுக்குக் கிண்ணம் எங்கேயிருந்து வந்தது என்று கேட்பீர்கள். சொல்லாமல் விடுவேனா? ஆனால் அதற்கு முன்னால் மூன்றாம் மாடியில் வந்த வெள்ளத்தைச் சொல்லியாக வேண்டும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், குடியிருப்பின் மாடிப்படியில் தண்ணீர் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது. அக்கா மேலே ஓடினாள். மூன்றாம் மாடியில் ஒரு வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே கணுக்கால் தண்ணீரில் ஒரு பையன், ஒட்டடைக்குச்சி மாதிரி நெடுநெடுவென்று, ஒரு கையில் வாளி, மறு கையில் போன். பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு அடியில் குழாய் கழன்று பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தது. பையன் சும்மா நிற்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வாளி நிறைய நிறையக் கொண்டுபோய்க் குளியலறையில் கொட்டிவிட்டு வந்து மறுபடி பிடித்தான். நடுநடுவே அம்மாவுக்குப் போன் போட்டான். அம்மா ஆபீசில் ஏதோ கூட்டத்தில் இருந்தாள், எடுக்கவில்லை.

அக்கா குனிந்து தொட்டிக்கு அடியில் கையை விட்டு வால்வை ஒரு திருகு திருகினாள். தண்ணீர் நின்றது.

"இத மூடணும்னு தோணலையாடா உனக்கு?"

"அங்க அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாதுக்கா. இதெல்லாம் எங்க சிலபஸ்ல வரல."

கேலி இல்லை, நிஜமாகத்தான் சொன்னான். அவன் பின்னால் அலமாரி நிறையக் கோப்பைகள். கணக்கில் முதல், அறிவியலில் முதல். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்? அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பையன் மேல் இல்லை. இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளைக்கு இத்தனூண்டு விஷயத்தை ஒருத்தரும் காட்டித் தரவில்லையே, அந்த வயிற்றெரிச்சல்.

மறுநாளே பேட்டை சமுதாயக்கூடத்துச் செயலாளர் முன்னால் போய் நின்றாள். சனிக்கிழமை சாயங்காலம் கூடம் சும்மாதானே கிடக்கிறது, பேட்டைப் பிள்ளைகளுக்கு நான் ஏதாவது சொல்லித் தருகிறேன் என்றாள். என்ன சொல்லித் தருவாய் என்று அவர் கேட்டார். குழாய் மூடுவது, பட்டன் தைப்பது, சோறு வைப்பது என்று அடுக்கினாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டான்ஸ் கிளாஸ் என்றால் கூட்டம் அம்மும், பட்டன் தைக்க எவன் வருவான் என்றார். யாரும் வராவிட்டால் நானே கதவைப் பூட்டிவிட்டுப் போகிறேன், விளக்குகூடப் போட வேண்டாம் என்றாள் அக்கா. முதல் சனிக்கிழமை நாலே பேர் வந்தார்கள். அதில் ஒருவன் ஒட்டடைக்குச்சி.

இப்போது கைக்கு வருவோம். அக்காவின் கைகளைப் பற்றித் தெரியாமல் இந்தக் கதையில் ஒன்றும் புரியாது.

ஏழாம் வகுப்புப் படிக்கும்போது அவளுடைய அம்மா படுத்த படுக்கையானாள். கீழே மூன்று தம்பி தங்கைகள். பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிய பிள்ளை மறுபடி அதை எடுக்கவே இல்லை. அடுப்பு, துணி, தண்ணீர், மருந்து, தங்கச்சி தலைவாரல் என்று அந்த வயதிலேயே கைகள் தாமாக ஓடப் பழகிவிட்டன. மனசு யோசித்து முடிப்பதற்குள் கை வேலையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கும். அப்படிப்பட்ட கைக்கு ஒரு கெட்ட குணம். இன்னொரு கை தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு அதனால் சும்மா இருக்க முடியாது.

ஆகவே முதல் மாதம் வகுப்பு எப்படி நடந்திருக்கும், நீங்களே நினைத்துப் பாருங்கள். ஒரு பிள்ளை ஊசியில் நூல் கோக்க ஒற்றைக் கண்ணை மூடும்போதே, "விடு, நான் காட்டறேன்" என்று பிடுங்கிவிடுவாள். ஒருத்தன் குழாயின் மரையை எந்தப் பக்கம் திருகுவது என்று யோசிப்பான்; "விடு, நான் காட்டறேன்" என்று ஸ்பேனர் அவள் கைக்குப் போய்விடும். பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். மாதக் கடைசியில், பேக்கரிக்காரர் மகள், வாயாடி என்று பேட்டையே பட்டம் கொடுத்த பெண், முகத்தைப் பாவம்போல வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அக்கா, இந்த ஒரு மாசத்துல நீங்க எல்லாம் ரொம்ப நல்லா கத்துக்கிட்டீங்க."

கூடம் கொல்லென்று சிரித்தது. அக்காவுக்குச் சுருக்கென்றது. இன்னொருத்தியாக இருந்தால் போடி வாயாடி என்று துரத்தியிருப்பாள். அக்கா அப்படிப்பட்டவள் இல்லை, அதனால்தான் அவளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்குப் போய் யோசித்தாள். புத்தியிடம் சொன்னால் கேட்கும், கையிடம் சொன்னால் கேட்காது. கைக்கு வேலை கொடுத்தால்தான் அடங்கும் என்று கண்டுபிடித்தாள்.

அடுத்த சனிக்கிழமை ஒரு எவர்சில்வர் கிண்ணத்தோடு வந்தாள். அகல வாய், ஆழம் குறைவு. அதில் விளிம்பு வரை தண்ணீரை ஊற்றி, நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் மடிமேல் பிடித்துக்கொண்டாள். இதுதான் சட்டம் என்றாள். நீங்கள் வேலை செய்து முடிக்கும்வரை இது என் கையை விட்டு இறங்காது. ஒரு சொட்டுச் சிந்தினாலும் வகுப்பு முடிந்து கூடம் முழுக்க நான்தான் துடைக்க வேண்டும். ரத்தம், நெருப்பு, மின்சாரம், இந்த மூன்றுக்கு மட்டும் கீழே வைப்பேன். கேள்வி கேட்டால் பதில் வராது, திருப்பிக் கேள்விதான் வரும்.

நிறைகுடம் தளும்பாது என்று சொன்னவர் அந்தக் கிண்ணத்தை மடியில் வைத்துப் பார்த்ததில்லை. முதல் சில வாரம் அக்கா துடைக்காத சனிக்கிழமை இல்லை. பிள்ளைகள் தப்பாகச் செய்யும்போதெல்லாம் அவள் கை துடித்தது, தண்ணீர் தளும்பியது. போகப் போக, அக்காவின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பிள்ளைகள் தண்ணீரைப் பார்க்கப் பழகினார்கள். தண்ணீர் நடுங்கினால் தாங்கள் எங்கேயோ கோட்டை விடுகிறோம் என்று அர்த்தம். எங்கே என்பதைத் தாங்களே தேடிக்கொண்டார்கள்.

என்னென்ன கூத்து நடந்தது என்கிறீர்கள்! ஒருவன் இஸ்திரிப் பெட்டியைச் சட்டைமேல் வைத்துவிட்டுக் கதை பேசினான். சட்டை முதுகில் அழகான ஒரு ஓட்டை விழுந்தது. அவன் அப்பா மறுநாள் வாசலில் வந்து சத்தம் போட்டார். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, இனிமேல் உங்கள் சட்டையை அவன் பொசுக்க மாட்டான் என்று வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்றாள். ஒருத்தி வாளித் தண்ணீரில் சோப்புத்தூளை டப்பாவோடு கவிழ்த்தாள். நுரை கூடத்து வாசற்படி வரை நடந்துபோனது. நண்பர்களிடம் சிங்கம்போலக் கர்ஜிக்கிற ஒரு பையனிடம், மருத்துவமனைக்குப் போன் செய்து டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கு என்றாள். அந்தப் பக்கம் "ஹலோ" என்ற குரல் கேட்டதும் சிங்கம் போனை மேஜைக்கு அடியில் ஒளித்தது. மூன்று சனிக்கிழமை ஆயிற்று, அவன் முழுசாக ஒரு வாக்கியம் பேச.

ஆனால் ஒட்டடைக்குச்சி விஷயம் சிரிப்பு இல்லை. அந்த வாரம் ஆபீசில் இரவு வேலை முடித்து வந்த அவன் அம்மா பகலில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தபோது வீட்டில் கேஸ் வாசனை. முன்பு வாளியோடு நின்ற அதே பையன், சிலிண்டரை மூடினான், ஜன்னல்களைத் திறந்தான், ஒரு ஸ்விட்சையும் தொடவில்லை, அம்மாவை எழுப்பி வெளியே கூட்டிப் போய் நிறுத்திவிட்டு அப்புறம்தான் போன் செய்தான். அடுத்த சனிக்கிழமை அந்த அம்மா கூடத்துக்கு வந்தாள். நேரே வந்து அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கையில்தான் கிண்ணம் இருக்கிறதே! தண்ணீர் முழுக்க இருவர் மேலும் கொட்டியது. அன்றைக்குக் கூடத்தைத் துடைத்த மாதிரி சந்தோஷமாக அக்கா எதையும் துடைத்ததில்லை.

இவ்வளவும் ஊருக்கு. வீட்டுக்கு வாருங்கள்.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுமாம். அக்காவுக்கு ஒரே மகள். பதினேழு வயதாகியும் வீட்டில் பாப்பாதான். பாப்பாவுக்குப் பழம் உரித்துத் தட்டில் வரும். பாப்பாவின் துணி துவைத்து மடித்து அலமாரியில் ஏறும். பாப்பா தண்ணீர் குடித்த டம்ளரை வைத்த இடத்தில் வைத்திருந்தால் அது தானாக நடந்துபோய்க் கழுவிக்கொள்ளும். அக்காவின் வீட்டுக்காரர் சரக்கு வேன் ஓட்டுகிறவர், சாதுவான மனிதர். "நம்ம வீட்டுல ஒரு ராணி, ரெண்டு வேலைக்காரங்க" என்று ஒருநாள் சொல்லிவிட்டு, அக்கா பார்த்த பார்வையில் அப்படியே செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விட்டார்.

சோம்பேறிப் பெண்ணா என்றால் இல்லை. அக்காதான் விடவில்லை. ஆணியில் மாட்டிய அந்தப் பள்ளிக்கூடப் பை அவள் கண்ணைவிட்டுப் போகவே இல்லை. பாப்பா பிறந்த அன்றே, இவள் கையில் புத்தகத்தைத் தவிர ஒன்றும் ஏறக்கூடாது என்று சபதம் போட்டவள். மகள் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தால் போதும், "நீ போய்ப் படி, நான் பாத்துக்கறேன்" என்று குரல் வந்துவிடும். அது அன்புதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் பதினேழு வருஷம் ஒரே வாக்கியம்.

பாப்பா ஒரே ஒரு தடவை கூடத்துக்கு வந்திருக்கிறாள், பதினாலு வயதில். அன்று காய் நறுக்கும் பாடம். மற்ற பிள்ளைகளோடு வரிசையில் நின்று அவளும் கத்தியைக் கையில் எடுத்தாள். எடுத்ததுதான் தாமதம், கிண்ணம் கீழே உருண்டது. தளும்பவில்லை, சிந்தவில்லை, ஒரேயடியாக உருண்டது. "பாப்பா, கத்திய வை. உனக்கு நாளைக்குப் பரீட்சை இருக்கு, வீட்டுக்குப் போ." எல்லாருக்கும் எதிரில். பாப்பா கத்தியை வைத்துவிட்டுப் போனாள். அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று, பிள்ளை படிக்கிறாள் என்று அக்கா நினைத்தாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது இதுதான்.

படித்தாள், உண்மை. கட்டட வடிவமைப்புப் படிக்க வேண்டும் என்பது பாப்பாவின் கனவு. அட்டைப்பெட்டி கிடைத்தால் வீடு கட்டுவாள். சின்ன வயதிலிருந்தே அப்படி. இந்த வருஷம் ஒரு பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தது. பஸ்ஸில் ஒரு முழுப் பகல் போக வேண்டிய நகரம். விடுதியில் சாப்பாடு கிடையாது. நாலு பேருக்கு ஓர் அறை, ஒரு சமையல் மூலை, அவரவர் பாட்டை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. குடியிருப்பில் எட்டு மாடிக்கும் ஏறி இறங்கிச் சொன்னாள், லிஃப்ட் இருப்பதே மறந்துபோனது.

ஒரு வாரம் கழித்துச் சாப்பிடும்போது பாப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: நான் அங்கே போகவில்லை, பக்கத்துக் கல்லூரியில் ஏதாவது ஒன்றில் சேர்ந்துகொள்கிறேன்.

அக்கா தட்டை ஒதுக்கி வைத்தாள். ஏன் என்று கேட்டாள். பிடிக்கவில்லை என்று பதில் வந்தது. அழுதாள், அதட்டினாள், கெஞ்சினாள். சுவரிடம் பேசினதுபோல் ஆயிற்று. வருகிற புதன்கிழமைக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் அந்த இடம் வேறொரு பிள்ளைக்குப் போய்விடும். யாரையாவது விரும்புகிறாளோ, சிநேகிதிகள் மனசைக் கலைத்துவிட்டார்களோ என்று அக்கா தூக்கம் கெட்டாள். இந்த ஒரு நாளுக்காகத்தானே இத்தனை வருஷம் அவள் கையும் காலும் ஓடின?

போதாக்குறைக்கு வீட்டில் பாத்திரங்கள் வேறு காணாமல் போய்க்கொண்டிருந்தன. முதலில் பால் காய்ச்சும் சட்டி. அப்புறம் கைப்பிடி வைத்த சின்ன வாணலி. வேனில் டீ போட எடுத்துப் போய்த் தொலைத்துவிட்டீர்கள் என்று வீட்டுக்காரரைப் பிடிபிடியென்று பிடித்தாள். அந்த மனிதர் எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. கடைசியில் எடுக்காத சட்டிக்கு மன்னிப்பும் கேட்டார்.

சனிக்கிழமை வந்தது. வகுப்புக்குக் கிளம்பும்போதே அக்காவின் புத்தி ஒரு நிலையில் இல்லை. கூடத்துக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் கிண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. கூடத்துப் பாத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகள் சொன்னார்கள். அது சரிப்படாது, நாலு தெரு தள்ளித்தானே, இதோ வந்துவிடுகிறேன் என்று நடந்தாள்.

கதவைத் திறந்ததும் தீய்ந்த வாடை முகத்தில் அறைந்தது. அடுக்களைக்கு ஓடினாள். அடுப்பெல்லாம் பால் பொங்கி வழிந்து கருகிக் கிடந்தது. தரையில் பாப்பா, மடியில் அடி கருத்த ஒரு சட்டி. அதைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். இடது கை விரல்களில் சிவப்பாக ஒரு கொப்புளம். அம்மாவைப் பார்த்ததும் திருடி பிடிபட்ட மாதிரி எழுந்து நின்றாள்.

ஆக, சட்டி திருடிய கை இதுதான். சனிக்கிழமைதோறும், அம்மா ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப் போன பிறகு, அப்பா வேனில் போன பிறகு, பாப்பா தனியாக அடுப்போடு மல்லுக்கு நின்றிருக்கிறாள். பொசுங்கியதையெல்லாம் செய்தித்தாளில் சுற்றித் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டிருக்கிறாள்.

அக்கா முதலில் அவள் கையைப் பிடித்துக் குழாய்த் தண்ணீரில் காட்டினாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் பாப்பா பேசினாள்.

"பாலைக்கூட எப்ப இறக்கணும்னு எனக்குத் தெரியலம்மா. அந்த ரூம்ல போய் நான் எப்படி இருப்பேன்? உன் பொண்ணுன்னு சொன்னா சிரிக்க மாட்டாங்களா?"

"அதுக்காகவா போகலேன்னே? எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேனே. ஒவ்வொரு தடவையும் நான் பாத்துக்கறேன்னு நீ சொன்னே." பாப்பா தண்ணீரிலிருந்து கையை இழுத்துக்கொண்டாள். "ஊர்ப் பிள்ளைங்க எல்லாரும் உன் முன்னாடி பொசுக்கலாம், கொட்டலாம், ஒடைக்கலாம். நான் மட்டும் ஒளிஞ்சு பொசுக்கணுமா?"

யாரும் அக்காவைச் சொல்லால் இப்படி அடித்ததில்லை. பதில் சொல்லத் தெரியாதபோது அவள் கை வேலைக்குப் போய்விடும், அது அதன் வழக்கம். தொட்டியோரம் இருந்த கரிச்சட்டியை எடுத்து, தேய்க்கிற நாரையும் எடுத்து, "சரி விடு, நான்..." என்று ஆரம்பித்தாள். தன் குரல் தன் காதில் விழுந்தது. பாதியில் நிறுத்தினாள்.

கொப்புளத்துக்கு மருந்து போட்டாள். அப்புறம் அலமாரியில் இருந்த கிண்ணத்தை எடுத்தாள். விளிம்பு வரை தண்ணீரைப் பிடித்தாள். முக்காலியை அடுக்களை மூலைக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கிண்ணத்தை இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பா, எனக்குப் பசிக்குது. சோறு வை."

பாப்பா கிண்ணத்தையே பார்த்தாள். அந்தக் கிண்ணம் எதற்கு என்று அவளுக்குத் தெரியாதா? பேட்டைக்கே தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு அரிசி டப்பாவைத் தேடினாள். எது எந்த டப்பாவில் இருக்கிறது என்பதே தெரியாமல் நாலைத் திறந்து மூடினாள். அரிசியைக் கழுவும்போது பாதி தொட்டியில் போயிற்று. அக்காவின் மடியில் தண்ணீர் நடுங்கியது. தண்ணீர் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று கேட்டாள். உனக்கு என்ன தோன்றுகிறது என்று அக்கா திருப்பிக் கேட்டாள். பாப்பா ஊற்றினாள். அது பாதிகூடக் காணாது. அக்கா பல்லைக் கடித்தாள். எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்ற எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நொடியை விழுங்குவதற்குள் அவளுக்கு நெற்றி வியர்த்துவிட்டது. ஊர்ப் பிள்ளை தப்புச் செய்தால் கைதான் துடிக்கும். பெற்ற பிள்ளை செய்தால் உடம்பெல்லாம் துடிக்கிறது. நாலு வருஷம் கிண்ணம் பிடித்தவளுக்கு அன்றைக்குத்தான் அது கனத்தது.

அப்போது பார்த்து மேஜைமேல் இருந்த அக்காவின் போன் அடித்தது. கூடத்துப் பிள்ளைகள் காத்திருப்பது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எழுந்திருக்க முடியாது, கையில் கிண்ணம். பாப்பாவைப் பார்த்து ஜாடை காட்டினாள். பாப்பா எடுத்தாள். பேக்கரிக்காரர் மகள்.

"அக்கா எங்க? கிண்ணம் எடுக்கப் போனவங்க ஆளையே காணோம்?"

"அம்மாவால பேச முடியாது," என்றாள் பாப்பா. "கையில கிண்ணம் இருக்கு."

வாயாடிக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

"செய்யறது யாரு?"

"நான்தான். சோறு வைக்கறேன்."

"அப்ப அக்காவ எழுந்திருக்க வேணாம்னு சொல்லு. இன்னிக்குக் கிளாஸ நாங்களே பாத்துக்கறோம்." வைக்கப் போனவள் மறுபடி சொன்னாள்: "இந்தா, சோறா வைக்கறே? தண்ணி இன்னும் ஊத்து. மொதல் தடவ எல்லாரும் கம்மியாத்தான் ஊத்துவோம்."

பாப்பா போனை வைத்துவிட்டு இன்னும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். கிண்ணத்தில் ஒரு சொட்டு விழுந்தது, சிந்தவில்லை.

சோறு வெந்ததா? வெந்தது என்றும் சொல்லலாம். அடியில் கொஞ்சம் பிடித்து, மேலே கொஞ்சம் வேகாத நறுக்கரிசியாக, நடுவில் ஒரு கரண்டி சரியாக. வீட்டுக்காரர் வேனை நிறுத்திவிட்டு வந்து, ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்து, ஒரு வாய் போட்டு நெடுநேரம் மென்றார். "நல்லாத்தான் இருக்கு. பல்லுக்கும் ஒரு வேலை வேணுமில்ல?" என்றார். பாப்பா ஒரு வாரத்துக்குப் பிறகு சிரித்தாள். சட்டித் திருட்டு வெளிப்பட்டதும் அவர் கேட்ட மன்னிப்பைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சாப்பிட்டு முடித்ததும் அக்கா மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். என்னை மாதிரி நீ ஆகக்கூடாது என்றுதான் நினைத்தேன், கடைசியில் உன் கையைக் கட்டிப் போட்டிருக்கிறேன் என்று சொன்னாள். சுற்றிவளைக்கத் தெரியாதவள், நேராகவே சொன்னாள். பாப்பா அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். பிறகு, இன்னும் எத்தனை சட்டி பொசுக்கினால் அங்கே போய் வாழ்ந்துவிடுவேன் என்று கேட்டாள். பொசுங்கினால் பொசுங்கட்டும், சட்டிக்கா பஞ்சம் என்றாள் அக்கா. புதன்கிழமைக்கு முன்னாலேயே கல்லூரிக்குச் சம்மதம் போய்விட்டது. போன் செய்து அவர்களோடு பேசியதும் பாப்பாதான், "ஹலோ" என்ற குரலுக்குப் பயப்படாமல்.

கிளம்பும் நாள் வரை அந்த வீட்டில் தினமும் பாப்பா சமையல். தீய்ந்ததும் குழைந்ததும் உப்பில்லாததுமாக மூன்று பேரும் தின்று தீர்த்தார்கள். அடுத்த சனிக்கிழமை பாப்பா கூடத்துக்கு வந்து வரிசையில் நின்றாள். காய் நறுக்கும் பாடம் வைக்கச் சொல்லி வாயாடி கேட்டாள், வேண்டுமென்றேதான். பாப்பா கத்தியை எடுத்தபோது பிள்ளைகள் எல்லாரும் கிண்ணத்தைப் பார்த்தார்கள். நடுங்கியது. ஆனால் நின்றது.

கிளம்புகிற நாள் காலையில் பஸ் நிலையத்தில் மூன்று பேரும் நின்றார்கள். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பை, ஒரு மூட்டை. மூட்டைக்குள் புதுச் சட்டி இரண்டு. பஸ் வந்து நின்றது. அக்காவின் கை டிரங்குப் பெட்டியின் பிடிக்குப் போனது, வழக்கம்போல. பாப்பா குறுக்கே வந்தாள். பையைத் திறந்து எவர்சில்வர் கிண்ணத்தை வெளியே எடுத்தாள். வீட்டிலிருந்து எப்போது எடுத்து வைத்தாளோ, தெரியாது. பாட்டில் தண்ணீரை விளிம்பு வரை ஊற்றி, அதை அம்மாவின் இரண்டு கைகளிலும் பத்திரமாக வைத்தாள்.

"சிந்தக் கூடாதும்மா," என்றாள்.

அக்கா பிடித்துக்கொண்டு நின்றாள். பாப்பா பெட்டியைத் தூக்கினாள், முடியவில்லை. கீழே வைத்துக் கை மாற்றித் தூக்கினாள். ஒரு படி ஏறினாள், பெட்டி இடித்தது. திரும்பி, பின்பக்கமாக ஏறியபடி இழுத்து ஏற்றினாள். மூட்டைக்கு மறுபடி இறங்கி வந்தாள். யார் கையும் படவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, மூச்சு வாங்க, முகமெல்லாம் சிரிப்பாகக் கையை ஆட்டினாள். அக்காவால் பதிலுக்குக் கை ஆட்ட முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

பஸ் நகர்ந்தது. முனையில் திரும்பி மறையும்வரை கிண்ணத்தில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. மறைந்ததும் அவள் கை இரண்டும் தாங்க முடியாமல் நடுங்கி, தண்ணீர் முழுக்கத் தரையில் கொட்டியது. அக்கா வாய்விட்டு அழுதாள்.

வீட்டுக்காரர் வெறும் கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"சட்டம் சட்டந்தான்," என்றார். "இந்த பஸ் ஸ்டாண்டு பூரா இப்ப நீதான் தொடைக்கணும்."

"தொடைக்கிறேங்க," என்றாள் அக்கா. "நல்லாவே தொடைக்கிறேன்."